மீதி எழுத்தைச் சொல்லும் வகுப்பு

செப்டம்பர் 5 அன்று எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியர்களாக மாறிக் கீழ் வகுப்புகளுக்குப் பாடம் நடத்துவார்கள். இந்த வழக்கம் இல்லாத அரசுப் பள்ளி நம் பக்கத்தில் இருக்காது. அந்த ஆண்டு என் வேடத்தை ஒரு மாணவி எடுத்துக்கொண்டாள். அண்ணனின் முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, மூக்கு நுனி வரை இறங்கிய கண்ணாடி. அதுவரை எல்லாம் எதிர்பார்த்ததுதான். பிறகு அவள் கரும்பலகையில் ஒரு முக்கோணத்தை வரைந்துவிட்டு, வகுப்பின் பக்கம் திரும்பாமலேயே, "ஆகவே மூன்று கோணங்களின் கூடுதல் நூற்றெண்…?" என்று குரலை மேலே ஏற்றி நிறுத்தினாள். வகுப்பு முழுவதும் "பது!" என்றது. "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது சார்!" "யாருக்காவது சந்தேகம் இருக்…?" "கா!" என்று முடித்துவிட்டு, கேள்வி தங்களுக்குத்தான் என்பது நினைவுக்கு வந்து, "இல்ல சார்!" என்றார்கள். சிரிப்பு அடங்க இரண்டு நிமிடம் ஆயிற்று. வாசலில் நின்ற நானும் சிரித்தேன். அன்று மாலை குடியாத்தம் பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தபோதுதான், அவள் ஒரு முறைகூட வகுப்பைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது உறைத்தது. அதுவும் நடிப்பின் பகுதியா, என்னிடம் உள்ளதையே அப்படியே எடுத்துக்கொண்டாளா என்று கேட்கத் துணிவு வரவில்லை.

ஒரு சொல்லின் கடைசி எழுத்தை மட்டும் விட்டுவைத்து, வகுப்பை முடிக்கச் செய்யும் இந்தப் பழக்கம் எனக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டில் எந்தப் பள்ளியின் தாழ்வாரத்தில் நடந்தாலும் ஏதேனும் ஒரு வகுப்பிலிருந்து அது கேட்கும். அதை யாரும் எங்களுக்குக் கற்பிக்கவில்லை. நாங்கள் மாணவர்களாக இருந்தபோது முடித்து வைத்ததை, ஆசிரியர்களானதும் தொடங்கி வைக்கிறோம், அவ்வளவுதான். மதிய உணவுக்குப் பிறகான ஐந்தாம் பாடவேளையில், வேலூர்ப் பக்கத்து வெயில் ஓட்டின் வழியே இறங்கும் நேரத்தில், நாற்பத்து மூன்று பேரைத் தூங்கவிடாமல் வைத்திருக்க இதைவிடச் சுலபமான கருவி இல்லை. ஓசை வருகிறது; ஓசை வந்தால் விழித்திருக்கிறார்கள்; விழித்திருந்தால் கவனிக்கிறார்கள்; கவனித்தால் புரிந்திருக்கும். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி மட்டுமே உண்மை. மற்ற மூன்றையும் என் காது தானே சேர்த்துக்கொண்டு பதினெட்டு ஆண்டுகள் நிம்மதியாக இருந்தது.

கூட்டாகச் சொல்வதை ஒட்டுமொத்தமாகப் பழிக்க நான் வரவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஆளுக்கொரு புத்தகம் இல்லாத காலத்தில் எண்சுவடியை நெஞ்சில் ஏற்றுவதற்கு வாயைத் தவிர வேறு வழியில்லை. இன்றும் வாய்ப்பாட்டைக் கூட்டமாகச் சொல்லச் சொல்கிறேன், அதை விடுவதாகவும் இல்லை. ஆனால் வாய்ப்பாடு சொல்லும் பிள்ளை முழுவதையும் தானே சொல்கிறது. நான் பழக்கியதோ வேறு: முழுவதையும் நான் சொல்லிவிட்டு, "பது" மட்டும் அவர்களுக்குக் கொடுத்தேன்.

இருபத்தைந்தும் ஒரு கட்டும்

வேடம் போட்டவள் பத்தாம் வகுப்பு. எனக்கு உண்மையில் அடி விழுந்தது எட்டாம் வகுப்பில், சில வாரங்கள் கழித்து. வாழ்வியல் கணிதம் என்ற பாடம். சதவீதம், லாப நட்டம், தள்ளுபடி, கூட்டு வட்டி எல்லாம் அதில்தான். அன்று மூன்று மணிக்குள் கைப்பேசியில் ஏற்ற வேண்டிய விவரம் ஒன்று பாக்கி. வாய் பாடம் நடத்திக்கொண்டிருந்தது, மனம் சட்டைப்பையில் இருந்தது. முந்தைய கணக்கில் மூன்றில் ஒரு பங்கு வந்திருந்த நினைவில், "அப்போ இருபத்தைந்து சதவீதம் என்றால் மூன்றில் ஒரு பங்…?" என்றேன். "கு!" என்றது வகுப்பு. எழுதியும் போட்டேன். மூன்றில் ஒன்று என்பது கரும்பலகையில் பளிச்சென்று நின்றது. அதை வைத்தே அடுத்த கணக்கைத் தொடங்கி, விடை முழு எண்ணாக வராமல் போனபோதுதான் பிழை தெரிந்தது. அழித்துத் திருத்திவிட்டு, வகுப்பைப் பார்த்து, "யாருமே கவனிக்கலயா?" என்று சிரித்துச் சமாளித்தேன். அவர்களும் சிரித்தார்கள்.

பாடவேளை முடிந்து குறிப்பேடுகளை வாங்கியபோது ஒன்றில் மட்டும் நான்கில் ஒன்று என்று முதலிலிருந்தே சரியாக எழுதியிருந்தது. அடித்தல் இல்லை, அழித்த தடமும் இல்லை. கடைசிக்கு முந்தின பெஞ்சுப் பெண். வருகைப் பதிவுக்கு "உள்ளேன் ஐயா" சொல்வதைத் தவிர அவள் குரலை நான் கேட்டதில்லை. அழைத்துக் கேட்டேன்: "ஏம்மா, நான் எழுதுனது தப்புன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலயே சார். முடிக்கத்தான சொன்னீங்க."

எதிர்த்துப் பேசும் தொனி அதில் துளியும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவே. சரி, உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்றேன். அப்போது முகம் சற்றுத் தெளிந்தது. "இருபத்தஞ்சு ஒரு கட்டு சார். நூறுன்னா நாலு கட்டு. நூறுக்கு மூணு கட்டு குடுத்தா ஏஜெண்டு எங்கம்மாவ சும்மா விடுவாரா?" என்றாள்.

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வீட்டுத் திண்ணையில் மடிமேல் முறத்தை வைத்துக்கொண்டு, நனைத்த இலையைக் கத்தரியால் அளவாக வெட்டி, தூளை இட்டு உருட்டி, நூலால் கட்டி, இருபத்தைந்து பீடி சேர்ந்ததும் ஒரு கட்டாக ஒதுக்கும் பெண்களைப் பார்க்காத தெரு அங்கே குறைவு. கூலி ஆயிரத்துக்கு, ஆயிரம் என்றால் நாற்பது கட்டு. சரியில்லை என்று ஏஜெண்டு கழித்துத் தள்ளுவதையும், இலை குறைந்தால் கைக்காசு போட்டு வாங்குவதையும் சேர்த்து வாரக் கணக்குப் போடுவது பெரும்பாலும் பள்ளிக்குப் போகும் பிள்ளைதான். சதவீதம் என்ற சொல்லை நான் அறிமுகப்படுத்துவதற்கு முன்பே அந்தப் பெண் அதற்குள் குடியிருந்தாள். அவளிடம் இருந்ததை வெளியே எடுக்க எனக்கு ஒரே ஒரு கேள்வி தேவைப்பட்டது. நானோ நான்கு மாதங்களாக மீதி எழுத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் சொன்ன "முடிக்கத்தான சொன்னீங்க" என்பதை இன்று வரை என்னால் ஒதுக்கிவைக்க முடியவில்லை. வகுப்பறையில் கவனத்தைத் தக்கவைப்பது பற்றிப் பணியிடைப் பயிற்சிகளில் நாங்கள் கேட்டது கொஞ்சமன்று. பிள்ளைகள் தாமாகவே எடுத்துப் படிக்கும் அட்டைகள் வந்தன, யார் எந்தப் படியில் நிற்கிறார் என்று காட்டும் ஏணிப்படிகள் வந்தன. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் சில ஆண்டுகளிலேயே மாநிலம் முழுவதும் பரவியது. அதற்கு முன்மாதிரி, ஆந்திராவில் மதனப்பள்ளிப் பக்கம் இருக்கும் ரிஷிவேலிப் பள்ளி. அதன் பிறகு எண்ணும் எழுத்தும் வந்தது. அவற்றில் நல்லவை பல உண்டு. ஆனால் எந்தத் திட்டம் வந்தாலும் அதற்கு நடுவில் நின்று "புரிஞ்சுதா?" என்று கேட்கிற வாய் பழைய வாய்தான். கேள்வி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது கேள்வியே அன்று என்பதைச் சொல்ல ஒரு பதின்மூன்று வயதுப் பெண் வர வேண்டியிருந்தது.

மூன்று விநாடி

முதல் வேலையாக, "புரிஞ்சுதா?" என்பதை விட்டுவிடுவதென்று முடிவு செய்தேன். புகையிலையை விடுவதற்குச் சற்றும் குறையாத வேலை அது. ஒரு பாடவேளைக்கு எத்தனை முறை வாயில் வருகிறது என்று சுண்ணக்கட்டியால் மேசையின் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டு வந்தேன். முதல் நாள் பதினாறு. அதற்குப் பதிலாக ஒரு முழுக் கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பதென்று வைத்துக்கொண்டேன். இந்தக் காத்திருத்தலைப் பற்றி அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே எழுதியிருக்கிறார். அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஏறத்தாழ ஒரு விநாடிகூடப் பொறுக்காமல் தாங்களே பேசத் தொடங்கிவிடுவது தெரிந்தது. அதை மூன்று விநாடிக்கு நீட்டியபோது விடைகள் நீண்டன, "தெரியாது" குறைந்தது, அதுவரை பேசாத பிள்ளைகள் பேசினார்கள். பிள்ளை பதில் சொன்ன பிறகும் அதே அளவு பொறுக்க வேண்டும் என்பது அதில் இரண்டாம் பாதி. என்னைக் குத்தியது வேறொன்று: நன்றாகப் படிப்பவர்கள் என்று ஆசிரியர் நினைக்கும் பிள்ளைகளுக்குத்தான் அதிக நேரம் கிடைத்தது; யாருக்கு அது மிகவும் தேவையோ அவர்களுக்குக் குறைவாகவே கிடைத்தது.

மூன்று விநாடி என்று எழுதும்போது சின்னதாகத் தெரிகிறது. கரும்பலகைக்கு முன்னால் நின்று பார்த்தால்தான் ரயில்வே கேட்டில் சரக்கு வண்டி போவதற்காக நிற்பதைவிட நீளம் என்று தெரியும். முதல் வாரம் வகுப்புக்கும் அது பிடிபடவில்லை. நான் எதையோ மறந்துவிட்டேன் என்று நினைத்து, முதல் பெஞ்சுப் பையன் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுத்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது, ஜன்னல் வரை நடந்து திரும்புவது என்று என் கைகால்களுக்கு ஏதாவது வேலை கொடுத்துத்தான் வாயைக் கட்ட முடிந்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஒருநாள் எட்டிப் பார்த்து, "சார் உள்ளதான் இருக்கீங்களா? சத்தமே இல்லையேன்னு பார்த்தேன்" என்றார்.

யாரைக் கேட்பது என்பதில் ஒரு தவறும் செய்தேன். எல்லோருடைய பெயரையும் சீட்டில் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, குலுக்கி எடுத்த சீட்டுக்குரியவர் பதில் சொல்ல வேண்டும் என்றேன். எல்லோரும் தயாராக இருப்பார்கள் என்பது கணக்கு. இரண்டு வாரத்தில் ஒரு பெண் திங்கள், புதன் இரண்டு நாளும் வயிற்றுவலி என்று வராமல் இருக்கத் தொடங்கினாள். அந்த இரண்டு நாளும்தான் கணக்கு முதல் பாடவேளை. டப்பாவைச் சத்துணவுக் கூடத்துக்குக் கொடுத்துவிட்டேன். அச்சத்தாலும் ஒரு வகுப்பை விழித்திருக்கச் செய்யலாம், பிரம்பு செய்ததும் அதைத்தானே.

கோவை இலை

வேலூர் லாங்கு பஜாருக்குப் போய் நாற்பத்தைந்து சிலேட்டும் பலப்பமும் வாங்கி வந்தது அதற்குப் பிறகு. மூட்டையை அவிழ்த்ததும் பையன்களுக்கு மானம் போய்விட்டது. "இன்னா சார், சிலேட்டா? நாங்க இன்னா ஒண்ணாங்கிளாசா?" என்றார்கள். முறை எளிது. கேள்வியைக் கேட்பேன், எல்லோரும் எழுத வேண்டும், பேசக்கூடாது, நான் சொன்னதும் நாற்பத்து மூன்று சிலேட்டும் ஒரே நேரத்தில் உயர வேண்டும். யாருடைய குரலுக்குப் பின்னாலும் யாரும் ஒளிய முடியாது, அதே சமயம் யாரும் தனியாக எழுந்து நிற்கவும் வேண்டாம். சிலேட்டைத் துடைக்க எச்சில் கூடாது என்றதும், மறுநாள் ஒருவன் பள்ளிச் சுற்றுச்சுவரில் படர்ந்திருந்த கோவைக் கொடியிலிருந்து இலை பறித்து வந்தான். அவன் பாட்டி சொல்லிக் கொடுத்ததாம். அந்தப் பச்சை வாசனையோடு என் ஒன்றாம் வகுப்பு ஒருகணம் வந்து போயிற்று.

சிலேட்டு வந்த பிறகுதான் கேள்வியைத் தயாரிக்க வேண்டும் என்ற புத்தி வந்தது. சும்மா விடையைக் கேட்டால் சும்மா விடைதான் வரும். ஆடித் தள்ளுபடியை எடுத்துக்கொண்டேன்: ஆயிரம் ரூபாய்ச் சேலைக்கு முதலில் 20 சதவீதம் குறைக்கிறார்கள், அந்தக் குறைந்த விலையில் மேலும் 10 சதவீதம் குறைக்கிறார்கள், மொத்தத்தில் எத்தனை சதவீதம் தள்ளுபடி? சிலேட்டுகள் உயர்ந்தன. வரிசை வரிசையாக 30. எட்டோ ஒன்பதோ சிலேட்டில் மட்டும் 28. பழைய நானாக இருந்தால் "ஆகவே இருபத்தெட்…?" என்று முடித்திருப்பேன். விடையைச் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவருக்கும் உனக்கும் விடை வேறாக இருந்தால் அவரை ஒத்துக்கொள்ள வை, இரண்டு நிமிடம் என்றேன். வகுப்பு தீப்பிடித்தது போலாயிற்று. ஆயிரத்தில் இருநூறு போனால் எண்ணூறு, எண்ணூறில் பத்து சதவீதம் எண்பதுதானே, நூறு எங்கிருந்து வரும் என்று ஒருத்தி மேசையில் தட்டிக் கேட்டாள். அப்படியானால் கடைக்காரன் முப்பது என்று போர்டு வைத்தால் அது பொய்யா என்று ஒருவன் என்னைப் பார்த்தான். மூன்று விநாடி பொறுத்தேன். அவனுக்கு வேறொருவன் பதில் சொன்னான். மறுமுறை சிலேட்டு உயர்ந்தபோது 30 ஐந்தாறு பேரிடம் மட்டும் இருந்தது. அவர்களில் இருவர் பிடிவாதத்தால் மாற்றவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக் கொடுப்பது நம் மண்ணுக்குப் புதிதன்று. 1790களில் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துவிட்டு, மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குக் கற்பிக்கும் முறையைக் கட்டியெழுப்பி, இங்கிலாந்துக்கே அதை மதராஸ் முறை என்ற பெயரில் கொண்டுபோனார். நாம் அதை அங்கிருந்து பயிற்சிக் கையேடாகத் திரும்பப் பெறுகிறோம் என்று நினைக்கும்போது சிரிப்பு வருகிறது.

சிலேட்டு இன்னொன்றையும் காட்டிக் கொடுத்தது. எங்கள் வகுப்பின் கூட்டுக் குரலில் எப்போதும் ஓங்கி ஒலிக்கும் குரல் ஒரு பையனுடையது. ஜூன் மாதம் சேர்ந்தவன். பெற்றோர் எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து செங்கல் சூளை வேலைக்கு வந்தவர்கள். உற்சாகமான பிள்ளை என்று பதிவேட்டில்கூட எழுதியிருந்தேன். அவன் சிலேட்டு வாரம் முழுவதும் வெறுமையாகவே உயர்ந்தது. உட்கார வைத்துப் பார்த்தபோது, ஏழாம் வகுப்பு வரை தெலுங்கில் படித்தவனுக்குத் தமிழ் வரிகளை எழுத்துக்கூட்டவே முடியவில்லை. எண்களாக எழுதிக் கொடுத்தால் கணக்கு மளமளவென்று வருகிறது. மற்றவர்கள் முடிக்கும் எழுத்தை இமைப்பொழுது பின்னால் பிடித்து, எல்லோரையும்விடச் சத்தமாகச் சொல்லிவந்திருக்கிறான். "புரிஞ்சுது சார்" உட்பட. வீட்டில் தெலுங்கு பேசும் பெண் ஒருத்தியின் பக்கத்தில் அவனை உட்கார வைத்தேன். இரண்டு நிமிட விவாதம் அந்தப் பெஞ்சில் மட்டும் தெலுங்கில் நடக்கும். எனக்கு ஒன்றும் விளங்காது. சிலேட்டில் 28 இருக்கும்.

தோல் பட்டை

எங்கள் சமூக அறிவியல் ஆசிரியை இதையெல்லாம் முதலில் கேலி செய்தவர். வரலாற்றில் ஏது சிலேட்டு என்பார். அவருடைய வகுப்பில் "வேலூர்ப் புரட்சி 1806 ஜூலை…?" "பத்து!" என்ற முழக்கம் தாழ்வாரத்தையே அதிரவைக்கும். கோட்டைக்கு மூன்று முறை சுற்றுலா போயும், அகழியில் படகு விட்டதும் கோவில் யாளியும்தான் பிள்ளைகள் மனத்தில் நின்றன என்று குறைப்பட்டுக்கொள்வார். ஒருநாள் தேதியைத் தானே சொல்லிவிட்டு, இப்படிக் கேட்டிருக்கிறார்: சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த செய்தி ஆற்காட்டுக்குப் போய், அங்கிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பியின் குதிரைப்படை அன்று காலையிலேயே வேலூருக்கு வந்துவிட்டது; தூரம் சுமார் 25 கிலோமீட்டர்; சிப்பாய்கள் கோட்டைக் கதவுகளை மூடிவிட்டுக் காத்திருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆற்காட்டுப் பேருந்தில் போய் வருகிற பிள்ளைகள் குதிரைக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்பதில் தொடங்கி, யார் செய்தி கொண்டுபோனது என்பது வரைக்கும் போனார்களாம். அதன் நடுவே, புதிய தலைப்பாகையில் தோல் பட்டை வைத்ததும், நெற்றிக் குறியையும் தாடியையும் தடை செய்ததும் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தன என்று சொன்னபோது, ஒரு பையன் எழுந்து, "தோலு போட்டா இன்னா டீச்சர்?" என்று கேட்டிருக்கிறான். அவன் அப்பாவுக்குப் பேரணாம்பட்டில் தோல் பதனிடும் வேலை.

ஆசிரியர் அறைக்கு வந்து உட்கார்ந்தவர் தேநீரைத் தொடாமல் சொன்னார்: "பத்து வருஷமா அந்தத் தோல் பட்டைய ஒரு மார்க் கேள்வியாத்தான் நடத்திக்கிட்டு இருந்தேன் சார். அவன் கேட்டதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. நாளைக்குப் பேசலாம்னுட்டு வந்துட்டேன்." பசுத்தோலோ பன்றித்தோலோ என்ற ஐயம், தீட்டு, அதைத் தொட்டு உழைக்கிறவர்கள் யார் என்பது வரை அந்தக் கேள்வி போகும். மறுநாள் அவர் அதைப் பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. மணி அடித்தும் அந்த வகுப்பு வெளியே வரவில்லை என்பதைப் பார்த்தேன்.

இதற்கெல்லாம் விலை உண்டு. அரையாண்டுத் தேர்வுக்கு முன் ஒன்றரைப் பாடம் பின்தங்கினேன். சனிக்கிழமைகளில் வந்து ஈடுகட்டினேன், அந்தச் சனிக்கிழமைகளில் சிலேட்டும் இல்லை, மூன்று விநாடியும் இல்லை, பழைய ஓட்டம்தான். மதிப்பெண்களும் துள்ளி எழவில்லை. அந்தப் பீடிக்கட்டுப் பெண் இப்போதும் தானாகக் கை தூக்குவதில்லை. ஆனால் கேட்டால் சொல்கிறாள், பக்கத்தில் இருப்பவளிடம் சண்டையும் போடுகிறாள்.

ஜனவரியில் பள்ளியைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். என் வகுப்பில் நுழைந்து, கரும்பலகையைப் பார்த்துவிட்டு, "கூட்டு வட்டின்னா வட்டிக்கு வட்…?" என்று பிள்ளைகளைப் பார்த்துக் குரலை ஏற்றி நிறுத்தினார். ஒருவரும் முடிக்கவில்லை. முழுக் கேள்வி வரும் என்று நாற்பத்து மூன்று பேரும் பலப்பத்தைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வியர்த்தது. அவரே "டி" என்று முடித்துக்கொண்டு, பார்வைப் பதிவேட்டில் மாணவர் பங்கேற்பு மேம்பட வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார். தலைமையாசிரியர் அந்த வரியை எனக்குக் காட்டி, ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்தார்.

போன வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. வாரம் முழுவதும் தேர்வுத்தாள் திருத்திய களைப்பு, வெளியே பேருந்து வரும் நேரம். இந்த ஆண்டு எட்டாம் வகுப்பு, வட்டம் நடத்திக்கொண்டிருந்தேன். பலகையின் பக்கம் திரும்பியபடியே, "ஆகவே வட்டத்தின் சுற்றளவு இரண்டு பை…?" என்று என் வாய் தானாக நீட்டியது. "ஆர்!" என்று கூரை அதிர்ந்தது. அந்த ஓசை காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தபோது, மூன்றாம் பெஞ்சில் ஒருவன் மட்டும் வாயைத் திறக்காமல், சிலேட்டை எடுக்கட்டுமா என்று கையால் கேட்டுக்கொண்டிருந்தான்.